கொங்கிரீட் போட்டாத்தான் பாடசாலையா?

தோட்டப் பாடசாலைக்கு 'அபிவிருத்தி' வருதுன்னா முதல்ல வர்றது இடிக்கிற கூட்டம். பழைய கூரை மரம், கதவு, ஜன்னல் நிலை எல்லாம் விறகாகிடும். பிறகு கொங்கிரீட் தூண், மேலே அஸ்பெஸ்டஸ் சீட். நாடா வெட்டி போட்டோ எடுத்தா வேலை முடிஞ்சது.

அந்த அஸ்பெஸ்டஸின் கதையையும் சொல்லணும். 2018 ஜனவரியிலிருந்து அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுதான். கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலை மறுபடி கப்பலேறியது. அம்மா பறித்த கொழுந்து விலைபோக, பிள்ளையின் தலைக்கு மேல் அஸ்பெஸ்டஸ்!

மரத்தில் செய்யலாமே என்றால், "திரும்பவும் லயம் மாதிரி ஆகிடும்" என்கிறார்கள். இந்தப் பயம் நியாயமானது. தலைமுறை தலைமுறையாக லயத்தில் கிடந்தவர்களுக்குக் கொங்கிரீட் சுவர் ஒரு மரியாதை. ஆனா கந்தப்பளைக்குப் போய்ப் பாருங்க. பழைய ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை இடிக்காமலே 1996ல் ஹோட்டலாக்கினார்கள். சுற்றுலாக்காரருக்குப் பழசு அழகு, நம்ம பிள்ளைக்கு மட்டும் பழசு குப்பையா?

"கறையான் அரிக்கும்" என்பது அடுத்த சாட்டு. அதுக்கு வழி இருக்கு. மரத்தை அறுத்து நல்லா காயவைத்து, போரான் மருந்து ஏற்றணும். தூணை மண்ணில் புதைக்காமல் கல் அத்திவாரத்தில் நிறுத்தணும். மழை நேரா படாதபடி கூரையை நீட்டணும். உக்கிய துண்டை மட்டும் வெட்டி மாற்றி, திடமான சட்டத்தை வைத்துக்கொள்ளலாம். கூடுதல் வகுப்பறையை மரச்சட்டத்திலேயே சேர்க்கலாம். மரத்துக்குப் பாரம் குறைவு, சரிவு நிலத்துக்கு அது நல்லது. மண்சரிவு அபாயத்தைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பார்த்துச் சொல்லட்டும்.

மரத்துக்கு எங்கே போறது? தோட்டத்துச் சவுக்கும் யூக்கலிப்டஸும் கண்முன்னே லொறியில் போகுதே! 1992ல் கம்பனிகளிடம் போனது நிர்வாகம்தான், காணி இன்னும் அரசாங்கத்தோடது. பாடசாலையும் அரசாங்கத்தோடது. அப்போ மரம் மட்டும் யாரோடது? வெட்டுற ஒவ்வொரு தொகுதியிலும் பாடசாலைக்கு ஒரு பங்கு, வெட்டின இடத்தில் மறுநடுகை: இதைச் சட்டமாக்கக் கேட்கணும்.

அடுத்த முறை இடிக்க வந்தால், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் மூன்று கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கட்டும். எந்தப் பகுதி உக்கியிருக்கு? அதைத் திருத்த எவ்வளவு? கழற்றுற மரம் எங்கே போகும்? பதில் வரும்வரை ஒரு ஓட்டையும் கழற்ற விடாதீங்க.