லென்ஸ் பெரிதா, கண் பெரிதா?

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

"விலை உயர்ந்த லென்ஸ் ஒன்று கிடைத்துவிட்டால் நானும் புகைப்படக் கலைஞன்தான்!" என்று எண்ணும் நண்பர்கள் நம் கல்லூரியில் பலர் உண்டு. நானும் அப்படி எண்ணியவனே. சித்தப்பா தந்த பழைய டிஜிட்டல் காமிராவுக்காக அப்பாவை நச்சரித்துப் பணம் பெற்று, எஃப் 1.8 வரை திறக்கும் 50 மில்லிமீட்டர் லென்ஸ் வாங்கினேன். துளையை முழுவதும் திறந்தால் பின்னணி மங்கி, படம் அழகாக வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பொங்கலன்று திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியை ஒரு மீட்டர் தூரத்தில் நின்று படம் எடுத்தேன். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால், காதுத் தோட்டின் கற்கள் பளிச்சென்று தெரிந்தன, கண்கள் மங்கியிருந்தன. அடுத்த முறை எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். மாசியில் பாட்டி காலமானார்.

குறை லென்சில் இல்லை; என் அறியாமையில்தான். 35 மி.மீ. பிலிம் அளவுள்ள காமிராவில் இந்த லென்சை 1.8இல் வைத்து ஒரு மீட்டரில் படமெடுத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 4 செ.மீ. மட்டுமே. கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி அதைவிட அதிகம். துளையை எஃப் 5.6க்குச் சுருக்கியிருந்தால் அந்த ஆழம் சுமார் 13 செ.மீ. ஆகியிருக்கும். தானாக ஃபோகஸ் செய்யும் கருவி தோட்டின் மினுக்கத்தைப் பற்றிக்கொண்டது. பாட்டியின் முகம் எனக்கு எவ்வளவு வேண்டியது என்று அதற்குத் தெரியுமா? இன்றைய புதிய காமிராக்கள் கண்களைத் தாமே கண்டுகொள்கின்றன. ஆயினும் பத்துப் பேர் நிற்கும் இடத்தில் யாருடைய கண் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும்.

லென்சைத் தேவையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் துணிபு. 1975இல் வெளிவந்த 'பாரி லிண்டன்' படத்தில் மெழுகுவர்த்தி ஒளியில் காட்சிகளை எடுக்க, இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் எஃப் 0.7 லென்சைப் பயன்படுத்தினார். அவருக்கு அது தேவை. பட்டப்பகல் திண்ணைக்கு எனக்கு 1.8 எதற்கு? வேடந்தாங்கல் பறவைகளைப் பிடிக்க 400 மி.மீ. வேண்டும்தான். தேர்த்திருவிழாக் கூட்டத்திற்கோ 35 மி.மீ. லென்சை எஃப் 8இல் வைத்து, 5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால் போதும். இரண்டரை மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய எல்லாமே தெளிவாக விழும். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் முகங்களை மட்டும் கவனிக்கலாம்.

பிரெஞ்சுக் கலைஞர் ஹென்ரி கார்த்தியே பிரெசோன் தம் புகழ்பெற்ற படங்களில் பெரும்பாலானவற்றை 50 மி.மீ. லென்சால்தான் எடுத்தார். பொருள் சிறிதாகத் தெரிந்தால் அருகில் நடந்து செல்வதற்கு நமக்குக் கால்கள் இருக்கின்றனவே!

ஆகவே நண்பர்களே, அடுத்த லென்சுக்காக வீட்டில் கடன் வாங்கச் சொல்லுமுன், கையிலிருப்பதை ஒரு மாதம் பழகிப் பாருங்கள். ஒரே ஆளை ஒரே இடத்தில் உட்காரவைத்து, எஃப் 1.8, 4, 8 என்று துளையை மாற்றி எடுத்து ஒப்பிடுங்கள். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணில் வைக்கப் பழகுங்கள். அந்தப் பயிற்சியை முதலில் உங்கள் வீட்டுப் பாட்டியிடமிருந்து தொடங்குங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள்.