பகிர்வா? பறிப்பா?



பெரிய அச்சகம் இல்லை. பணம் போட முதலாளி இல்லை. விளம்பரம் தர வணிகர் இல்லை. ஆயினும் ஏடு வெளிவருகிறது! எழுதியவரே படியெடுக்கிறார், எழுதியவரே மடித்துப் பின் அடிக்கிறார், எழுதியவரே கையில் கொண்டுவந்து கொடுக்கிறார். ஐம்பது படிகள், மிஞ்சினால் நூறு. மேலைநாட்டார் இதனை 'ஸீன்' என்பர். நாம் சிற்றேடு என்போம்.

அத்தகைய ஏடு ஒன்று நம் கைக்கு வருகிறது. படிக்கிறோம், நெஞ்சு விம்முகிறது. "இதை நாடே படிக்க வேண்டும்" என்று தோன்றுகிறது. தெருமுனையில் செராக்ஸ் கடை. சட்டைப் பையில் கைப்பேசி. நூறு படி எடுக்கவோ, ஆயிரம் பேருக்கு அனுப்பவோ ஐந்து நிமிடம் போதும். எடுக்கலாமா? அனுப்பலாமா?

"எடுத்தால் என்ன குற்றம்? கருத்துக்கு வேலி போடுவதா? காற்றுக்குக் கதவடைப்பதா?" என்று கேட்கிறார்கள் நம் தோழர்கள். மேடையேறி நானும் கேட்டவன்தான். துண்டறிக்கையால் வளர்ந்த இயக்கத்தில் இருப்பவன் வேறெப்படிக் கேட்பான்? ஆனால் இன்று அந்தக் கேள்வியையே சற்று நிறுத்திவைத்துச் சிந்திக்க வேண்டுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்து உருவானபோதே உரிமையும் பிறந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பன்னிரண்டு பக்கச் சிற்றேட்டுக்கும் அது பொருந்தும். ஆனால் நான் சட்டம் பேச வரவில்லை. சிற்றேட்டுக்காரர் வழக்குமன்றப் படி ஏறப்போவதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இருந்தால், அவர் ஏன் செராக்ஸ் கடை வாயிலில் நிற்கிறார்? வழக்குத் தொடுக்க வலிமை இல்லாதவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதிலேதான் நம்முடைய அறம் விளங்கும்.

1776-ஆம் ஆண்டு சனவரித் திங்கள். தாமஸ் பெயின், 'காமன் சென்ஸ்' என்ற சிற்றேட்டைப் பிலடெல்பியா நகரில் வெளியிட்டார். அமெரிக்கக் குடியேற்ற நாடுகளை விடுதலைப் பாதைக்குத் திருப்பிய ஏடு அது. ஊர்தோறும் அச்சகத்தார் அதனை மறுபடி அச்சிட்டனர். பெயின் தடுத்தாரா? இல்லை, பதிப்புரிமையையே மாநிலங்களுக்கு விட்டுக்கொடுத்ததாகப் பின்னாளில் எழுதினார். தமக்கு வரும் இலாபத்தில் படைவீரர்களுக்குக் கையுறை வாங்கித் தர விரும்பினார். அத்தகைய வள்ளலுக்கும் ஒருவர்மீது சினம் வந்தது. யார்மீது? முதலில் அச்சிட்ட ராபர்ட் பெல் மீது! இலாபமே இல்லை என்றார் பெல். ஆனால், எழுதியவரின் இசைவின்றியே இரண்டாம் பதிப்பையும் போட்டார். பெயின், புதிய பகுதிகளைச் சேர்த்து வேறு அச்சகத்தாரிடம் கொடுத்தார். எல்லாருக்கும் கொடுத்தவர், எடுத்துக்கொண்ட ஒருவரை ஏற்கவில்லை. கொடுப்பது வேறு, எடுத்துக்கொள்வது வேறு. இதுதான் முதற் பாடம்.

இரண்டாம் பாடம் மாஸ்கோவில் இருக்கிறது. 1968 ஏப்ரலில் அங்கே 'நடப்பு நிகழ்ச்சிகளின் குறிப்பேடு' என்ற இதழ் தொடங்கியது. கைதுகளையும் வழக்குகளையும் தணிக்கைக்குத் தெரியாமல் பதிவு செய்த இதழ். முதல் ஆசிரியர் நத்தாலியா கொர்பனேவ்ஸ்கயா என்ற கவிஞர். கார்பன் தாள் வைத்துத் தட்டச்சு செய்வார்கள். பெற்றவர் மீண்டும் தட்டச்சு செய்து அடுத்தவரிடம் தருவார். படியெடுப்பதே அங்கே வீரம்! 1969 டிசம்பரில் அந்த அம்மையார் கைது செய்யப்பட்டு, மனநோய் மருத்துவமனையிலும் அடைக்கப்பட்டு, 1972-இல்தான் விடுதலையானார். இத்தனை ஆபத்திலும் அவர்கள் ஒரு முறையைக் காத்தார்கள். தரச் செய்தி இருந்தால், ஏட்டை யாரிடமிருந்து பெற்றாரோ அவரிடமே சொல்ல வேண்டும். அவர் தமக்குத் தந்தவரிடம் சொல்வார். ஏடு சென்ற வழியே செய்தி திரும்பி வரும்; பிழை இருந்தால், பின்னர் வரும் இதழில் திருத்தம் வெளிவரும். படியெடுத்தவர் ஒவ்வொருவரும் அதன் உண்மைக்குப் பொறுப்பாளர்.

நாம் அப்படியா? என் நாடகம் ஒன்றை ஒரு குழுவினர் படியெடுத்து ஆடினார்கள். சாதி மறுத்து மணந்தவள், இறுதிக் காட்சியில் தலைநிமிர்ந்து வெளியேறுவதாக நான் எழுதியிருந்தேன். அவர்களோ அவளைத் தந்தையின் காலில் விழச் செய்து திரையை இறக்கினார்கள். அறிவிப்புத் தட்டியில் என் பெயரைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்! பெயரை மறைப்பது மட்டுமா திருட்டு? பொருளைச் சிதைத்துப் பெயரை ஒட்டுவதும் திருட்டுத்தான்.

பெயின் ஏடும் மாஸ்கோ ஏடும் ஊரை நோக்கி எழுதப்பட்டவை. எல்லா ஏடும் அப்படியா?

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒலிம்பியா முதலிய நகரங்களில், 'ரையட் கேர்ள்' இயக்கத்து இளம்பெண்கள் சிற்றேடுகள் செய்தார்கள். தமக்கு நேர்ந்த வன்கொடுமைகளை, வீட்டிலும் சொல்ல முடியாத வேதனைகளை எழுதி, இசைக் கூட்டங்களில் கைமாற்றினார்கள், அஞ்சலில் அனுப்பினார்கள். அவை அறைகூவல்கள் மட்டுமல்ல. தோழிக்குத் தோழி எழுதிய மடல்களும்கூட. ஆண்டுகள் உருண்டன, இணையம் வந்தது. பதினேழு வயதில் ஐம்பது பேருக்காக எழுதியதை உலகுக்கே திறந்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தது. சிற்றேடுகளைத் திரட்டும் நூலகர்கள் 2015-இல் ஒரு நெறிமுறை வகுத்தார்கள். எழுதியவரின் இசைவை நாடவும், விலக்கிக்கொள்ள அவர் விரும்பினால் மதிக்கவும் அது வலியுறுத்துகிறது. நூலைப் பரப்புவதே தொழிலாகக் கொண்டவர்கள், "கேட்டுவிட்டுப் பரப்புவோம்" என்றார்கள்.

நான் கேட்கவில்லை, தோழர்களே.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். அங்கே பயின்ற நாளில், உடன் படித்த மாணவி ஒருத்தி பன்னிரண்டு பக்கத்தில் ஓர் ஏடு செய்தாள். இருபதே படிகள். குடித்துவிட்டு வரும் தந்தையையும் அடிபடும் தாயையும் பற்றி எழுதியிருந்தாள். எனக்கும் ஒரு படி கொடுத்தாள். படித்துக் கண் கலங்கினேன். அன்று மாலையே நாற்பது படிகள் எடுத்தேன்! அவள் எழுத்து பரவட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஒரு படி அவள் ஊருக்குப் போயிற்று. ஊரிலிருந்து வீட்டுக்குப் போயிற்று. அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. நானோ என் விருப்பால் கல்லூரியை விட்டேன். அவள் என்னால் விட்டாள். படியெடுக்கப் பணம் செலவிட்டவன், அவளிடம் கேட்க ஒரு சொல்லைச் செலவிடவில்லை.

ஆகவே சொல்கிறேன். கருத்துக்கு வேலி வேண்டாம்; ஆனால் கருத்தை ஈன்றவர் மனிதர் என்பது மறக்க வேண்டாம். பரப்புமுன் கேளுங்கள். வெட்டாமல், ஒட்டாமல், முழுமையாகத் தாருங்கள். பெயரைப் போடச் சொன்னால் போடுங்கள். மறைக்கச் சொன்னால் உயிர்போல் காத்திடுங்கள். காசு வந்தால், முதற் காசு எழுதியவருக்கு. எழுதியவரைக் காண இயலவில்லையா? ஏட்டையே கேளுங்கள்: "நீ ஊருக்காகப் பிறந்தாயா, உற்றாருக்காகப் பிறந்தாயா?" ஊருக்கு என்றால் ஊரெங்கும் கொண்டு செல்லுங்கள். உற்றாருக்கு என்றால் உங்கள் கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தாலும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

"இயக்கத்தின் நன்மைக்காகத்தானே?" என்பீர்கள். எளியவரின் சொல்லைக் கேளாமல் எடுப்பது, ஆதிக்கக்காரர் காலங்காலமாகச் செய்துவரும் வேலை. உழைப்பைக் கேளாமல் எடுத்தார்கள்; நிலத்தைக் கேளாமல் எடுத்தார்கள். அதை எதிர்க்கக் கொடி பிடித்த நாம், ஓர் ஏழை எழுத்தாளரின் பன்னிரண்டு பக்கங்களைக் கேளாமல் எடுக்கலாமா?

நாளைக் காலை உங்கள் கைப்பேசியில் யாரோ ஒருவரின் சிற்றேடு வந்து நிற்கும். விரல் 'அனுப்பு' என்ற இடத்துக்கு விரையும். ஒரு நொடி நில்லுங்கள், தோழர்களே. அந்த ஒரு நொடி, அன்று எனக்கு வாய்க்கவில்லை.