சிலந்திக்கு எதற்கு எட்டுக் கால்?



பிலிப் கே. டிக் எழுதி 1968இல் வெளிவந்த 'டு ஆண்ட்ராய்ட்ஸ் ட்ரீம் ஆஃப் எலெக்ட்ரிக் ஷீப்?' நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால், ரிக் டெக்கார்டில்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். 'பிளேட் ரன்னர்' படத்தில் ஹாரிசன் ஃபோர்டு நடித்தாரே, அவர்தான். தப்பி வந்த ஆண்ட்ராய்டுகளைத் தேடிக் கொல்வது அவர் பிழைப்பு. ஆனால் என் மனதில் தங்கிவிட்டவன் ஜான் இசிடோர்.

அணுப்போரின் தூசியில் அவன் அறிவு மங்கிவிட்டது. சோதனையில் தேறாததால் செவ்வாய்க்குக் குடிபெயர அனுமதி இல்லை. ஆளில்லாத அடுக்குமாடியில் தனியாகக் கிடக்கிறான். அங்கே ஒளிய வரும் ஆண்ட்ராய்டுகளை விருந்தாளிகளாகவே நினைத்துக் கவனிக்கிறான். விலங்கினங்கள் பெரும்பாலும் அழிந்துபோன அந்த உலகில் ஒருநாள் உயிருள்ள சிலந்தி ஒன்று அவனுக்குக் கிடைக்கிறது. பிரிஸ் என்ற ஆண்ட்ராய்டு கத்தரிக்கோலை எடுத்து அதன் கால்களை ஒவ்வொன்றாக நறுக்குகிறாள். எட்டு எதற்கு, நாலு போதாதா என்று அறிந்துகொள்ளும் ஆசை, அவ்வளவுதான். மிச்சக் காலோடு அது நடக்காமல் நிற்க, இன்னொரு ஆண்ட்ராய்டான ராய் பேட்டி தீக்குச்சியைக் கொளுத்திக் கிட்டே கொண்டுபோகிறான். இசிடோரால் தாங்க முடியவில்லை. சிலந்தியை வாங்கித் தானே தண்ணீரில் மூழ்கடித்துவிடுகிறான். இத்தனைக்குப் பிறகும், டெக்கார்ட் வந்து கேட்கும்போது அவர்கள் இருக்குமிடத்தை அவன் காட்டிக்கொடுப்பதில்லை. பரிவு என்பது தகுதி பார்த்துத் தருவதல்ல என்பதை அந்த நாவலில் முழுசாக வாழ்ந்துகாட்டுபவன் அவன் ஒருவன்தான்.

இவனுக்கு எதிர்முனையில், டெக்கார்டைப் போலவே ஆண்ட்ராய்டுகளை வேட்டையாடும் ஃபில் ரெஷ். ஆண்ட்ராய்டான பாடகி லூபா லுஃப்ட்டை லிஃப்டில் கூசாமல் சுடுகிறான். இவன் ஆண்ட்ராய்டாகத்தான் இருக்க வேண்டும் என்று டெக்கார்ட் நம்புகிறார். நாமும் நம்ப விரும்புகிறோம். ஆண்ட்ராய்டுகளைக் கண்டறியும் சோதனையோ அவன் மனிதன் என்கிறது. சற்று முன்புதான் லூபா ஆசைப்பட்ட மூங்க் ஓவியத்துக்காக, அவரது படங்கள் அடங்கிய புத்தகத்தை டெக்கார்ட் தன் கைக்காசில் வாங்கித் தந்திருந்தார். அவள் இறந்ததும் அதை எரித்துச் சாம்பலாக்குகிறார். டெக்கார்டின் உள்ளே ஏதோ உடைவதை நான் உணர்ந்த இடம் அது.

முந்தைய நாவல் ஒன்றுக்காக நாஜி ஆவணங்களைப் படித்தபோது, பட்டினிக் குழந்தைகளின் அழுகையால் தூக்கம் கெடுகிறது என்று ஓர் அதிகாரி குறைப்பட்டு எழுதியிருந்ததை டிக் கண்டார். மனித உருவில் மனிதத்தன்மை அற்றுப்போன ஒருவர் இருக்க முடியும் என்ற அதிர்ச்சியே இந்நாவலின் விதை. ஆனாலும் ரெஷ்ஷை வெறும் வில்லன் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அவன் வீட்டில் ஓர் அணிலை அன்போடு வளர்க்கிறான்.

டெக்கார்டின் மனைவி ஐரனைப் பலரும் கவனிப்பதில்லை. மனநிலையை விரும்பியபடி மாற்றித் தரும் கருவி வீட்டில் இருக்கிறது. அவளோ அதில் ஆறு மணி நேரத் துயரத்தைக் கேட்டு வாங்குகிறாள். காலியான கட்டடங்களின் நடுவே வாழ்ந்துகொண்டு எதையும் உணராமல் இருப்பது நோய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

என்னை விடாத கேள்வி ஒன்று உண்டு. ரேச்சல் ரோசன் என்ற ஆண்ட்ராய்டு, டெக்கார்ட் ஆசையாய் வாங்கிய ஆட்டை மாடியிலிருந்து தள்ளிக் கொல்கிறாள். வெறும் கணக்கா, வஞ்சமா? வஞ்சம் என்றே எனக்குப் படுகிறது. அப்படியானால் ஆண்ட்ராய்டுக்கும் மனம் புண்படும் என்றாகிறது. நீங்கள் எப்படிப் படித்தீர்கள்? விரிவாக எழுதுங்கள், அடுத்த இதழில் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்