எய்ம்ஸ் சர்வர் முடக்கம்: தாக்கியவர் யார் என்பது மட்டுமா கேள்வி?

புது தில்லி: தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பர் 23-ம் தேதி முடங்கியபோது நோயாளிகளின் பதிவு, சேர்க்கை, பரிசோதனை என அனைத்தும் காகிதத்துக்குத் திரும்பின. தாக்கியது யார், பின்னணியில் அந்நிய நாடு உள்ளதா என்பதே அரசியல் வட்டாரங்களில் பெரிதாகப் பேசப்பட்டது.

ஆனால், அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதில்களில் அதைவிட முக்கியமான செய்தி உள்ளது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டன. கணினி வலையமைப்பு முறையாகப் பகுதி பிரிக்கப்படாததே இதற்கு வழிவகுத்தது என்று அரசு ஒப்புக்கொண்டது. பாதிப்புக்கு உள்ளாகாத மாற்று சர்வரில் இருந்த நகல்தான் கைகொடுத்தது. அப்படியும், பெரும்பாலான சேவைகள் சீராக இரண்டு வாரங்கள் ஆயின.

எந்தப் பூட்டையும் ஒருநாள் உடைத்துவிடுவார்கள். உடைந்த பின்னும் சேவை தொடர்கிறதா என்பதே உண்மையான சோதனை. பழுதான கணினி நின்றுவிடும். அதன் வேலையை மற்றொன்று ஏற்கலாம். ஊடுருவியவரின் பிடியில் உள்ள கணினியோ நிற்பதில்லை. பொய்த் தகவல் தருகிறது. அத்தகைய ஒரு கணினியைச் சமாளித்து மற்றவை ஒருமித்த முடிவுக்கு வர, டிஜிட்டல் கையொப்பம் போன்ற பாதுகாப்பு இல்லாத நிலையில், குறைந்தது நான்கு கணினிகள் தேவை என்று லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் ஆகியோர் 1982-லேயே விளக்கினர். நான்கும் ஒரே மென்பொருள், ஒரே கடவுச்சொல்லில் இயங்கினால் பயனில்லை. ஒன்று வீழ்ந்த வழியிலேயே மற்றவையும் வீழும்.

இதற்குச் செலவாகும் என்பது உண்மை. ஆனால், பணச் சந்தைக்கு அந்தச் செலவு ஏற்கப்பட்டுள்ளது. தேசியப் பங்குச்சந்தை 2021 பிப்ரவரி 24-ம் தேதி சுமார் நான்கு மணி நேரம் முடங்கியது. அடுத்த மாதமே 'செபி' கெடு விதித்தது: கோளாறு ஏற்பட்ட 30 நிமிடங்களுக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும், அதன்பின் 45 நிமிடங்களுக்குள் முக்கியப் பணிகளை மீட்க வேண்டும்.

இணையத் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் 'செர்ட்-இன்' அமைப்பு உத்தரவிட்டது. தெரிவிப்பது வேறு, மீள்வது வேறு. பங்கு வர்த்தகத்துக்கு நிமிடக் கணக்கில் கெடு என்றால், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு என்ன கெடு? நாடாளுமன்றத்தில் அரசு பதிலளிக்க வேண்டிய கேள்வி இதுவே.