நீச்சலுடைக் கணக்கு

ஜப்பான்காரர்களின் அனிமே தொடர்களை நாலைந்து பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருக்கும். கதை எங்கே போய்க்கொண்டிருந்தாலும் சரி, எங்கேயாவது ஒரு எபிசோடில் எல்லோரும் தண்ணீரில் இறங்கிவிடுவார்கள். உலகம் அழியப் போகிறது, ராட்சஸன் வாசலில் நிற்கிறான்... அதனாலென்ன, கோஷ்டி மொத்தமும் குளிர்கண்ணாடி, தர்ப்பூசணி சகிதம் பீச்சுக்குக் கிளம்பிவிடும். அடுத்த வாரம் வந்து உலகத்தைக் காப்பாற்றுவார்கள்.

இந்த எபிசோடுக்கு ரசிகர்கள் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். 'மிஸுகி காய்'. மிஸுகி என்றால் நீச்சலுடை.

'சும்மா கிளுகிளுப்புக்காகத்தானே சார்' என்று நீங்கள் கண்ணடிப்பது தெரிகிறது. பாதி நிஜம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை வரைந்து அதில் கிளுகிளுப்புத் தேடுகிற சரக்கும் அங்கே உண்டு. அதற்கு இந்தப் பக்கத்தில் இடமில்லை. ஆனால் பள்ளிக்கூடக் கதை என்றால் நீச்சல் குளம் ஏன் வந்தே தீருகிறது? அதற்குப் பின்னால் கப்பல் மூழ்கிய கதை ஒன்று இருக்கிறது.

1955, மே 11. ஸெட்டோ உள்நாட்டுக் கடலில் காலை நேரத்து மூடுபனி. தகமத்ஸுவிலிருந்து கிளம்பிய 'ஷியுன் மாரு' என்ற பயணிகள் கப்பல் எதிரே வந்த இன்னொரு கப்பலோடு மோதியது. இரண்டுமே ரயில்வேக்குச் சொந்தமானவை. சில நிமிஷங்களில் ஷியுன் மாரு மூழ்கிவிட்டது. இறந்தவர்கள் 168 பேர். அதில் 100 பேர் பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள்.

அந்த வருஷம் அதோடு விடவில்லை. ஜூலை 28-ம் தேதி, ட்ஸு நகரத்துக் கடலில் நடந்த நீச்சல் வகுப்பிலேயே 36 பள்ளி மாணவிகள் மூழ்கிப் போனார்கள்.

நாடே ஆடிப்போனது. பிள்ளைகளுக்கு நீச்சல் தெரிய வேண்டும். அதைக் கடலில் இறக்கிவிட்டுக் கற்றுக்கொடுக்கக்கூடாது. இரண்டுக்கும் ஒரே பதில், பள்ளிக்கூடத்திலேயே குளம். 1961-ல் விளையாட்டு வளர்ச்சிச் சட்டம் வந்து, அரசாங்க மானியமும் கிடைக்க, ஊர் ஊராகப் பள்ளிக் குளங்கள் முளைத்தன. கணக்குப் பாடம் மாதிரி நீச்சலும் ஒரு பாடம். ஆக, அனிமேவில் வரும் குளம் கற்பனை இல்லை. வரைகிறவரும் பார்க்கிறவரும் சின்ன வயசில் குதித்த குளம்.

குளம் வந்தால் உடை வர வேண்டும். கருநீலத்தில், ஒரு பூ கூட இல்லாமல், பார்த்தாலே தூக்கம் வருகிற டிஸைன். மேலே பெயர் எழுதித் தைத்த துணி. தலையில் தொப்பி. பல பள்ளிகளில் தொப்பியின் நிறத்தை வைத்தே யாருக்கு எவ்வளவு நீச்சல் தெரியும் என்று ஆசிரியர் கரையில் நின்றபடியே சொல்லிவிடலாம்.

இந்தத் தொப்பிக்குள் ஒரு வியாபாரக் கதை இருக்கிறது. பி.காம். படித்தவன் இதைச் சொல்லாமல் போனால் பாவம். 'ஃபுட்மார்க்' என்று டோக்கியோவில் ஒரு கம்பெனி. முதலில் தைத்துக்கொண்டிருந்தது கைக்குழந்தைகளின் துணி டயாப்பருக்கு மேலே மாட்டும் உறை. கோடையில் அது விற்காது. கோடையில் எது விற்கும் என்று யோசித்தார்கள். நீச்சல் தொப்பி! குழந்தையின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கத்துக்கு ப்ரமோஷன். அதே கம்பெனி 2022-ல் பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவான ஒரு பள்ளி நீச்சலுடையைக் கொண்டுவந்தது. முழுக்கைச் சட்டை, அரை டிராயர். உடம்பைக் காட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கும், வெயில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நிம்மதி. அந்த வருஷம் மூன்று பள்ளிகளில் ஆரம்பித்தார்கள்.

அனிமேவில் வெறும் பெண்கள்தான் நீச்சலுடையில் வருவார்கள் என்பதும் தப்பு. 2013-ல் க்யோட்டோ அனிமேஷன் 'ஃப்ரீ!' என்று ஒரு தொடர் எடுத்தது. டைரக்டர் ஹிரோக்கோ உட்ஸுமி, ஒரு பெண். கதையில் நீந்துவது முழுக்க ஆண்பிள்ளைகள், ஒரு உயர்நிலைப் பள்ளியின் நீச்சல் குழு. ஹீரோ ஹருகா தண்ணீரைக் கண்டால் சட்டையைக் கழற்றிவிட்டுக் குதிக்கிற ரகம். இதற்காகவே யூனிஃபார்முக்குள் எப்போதும் நீச்சலுடை! தொடரில் வரும் ஊருக்கு மாதிரி டொட்டோரி மாகாணத்து இவாமி. பெண் ரசிகைகள் கூட்டம் கூட்டமாக அந்த ஊருக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

இதுவரை விற்றது கதை. இனிமேல் உடையே சரக்கு.

வீடியோ கேமில் இந்தக் கலையை வெளிப்படையாக ஆரம்பித்து வைத்தது 2003-ல் டெக்மோ கம்பெனி விட்ட 'டெட் ஆர் அலைவ் எக்ஸ்ட்ரீம் பீச் வாலிபால்'. அதுவரை ஒருத்தியை ஒருத்தி அடித்து நொறுக்கிக்கொண்டிருந்த வீராங்கனைகள் தீவுக்கு வந்து பந்து விளையாடினார்கள். ஜெயித்த காசில் நீச்சலுடை வாங்கி வாங்கிச் சேர்க்க வேண்டும். அது கேமுக்குள் இருக்கிற காசு. உங்கள் பர்ஸுக்குச் சேதமில்லை.

செல்போன் வந்ததும் காசு நிஜமாகிவிட்டது.

'ஃபேட் கிராண்ட் ஆர்டர்' என்று 2015-ல் வந்த ஆட்டம். சரித்திரத்தில், புராணத்தில் உள்ள வீரர்களை அழைத்துச் சண்டைக்கு விடலாம். 2016 கோடையில் அவர்களுக்கு நீச்சலுடை மாட்டினார்கள். ஆர்தர் ராஜா (அந்த ஆட்டத்தில் அவர் பெண்!) கையில் வாளுக்குப் பதில் தண்ணீர்த் துப்பாக்கி. கில்லட்டினில் தலை போன மேரி அந்துவானெத் பீச் உடையில். 2018-ல் ஜோன் ஆஃப் ஆர்க், கூடவே ஒரு டால்பின். 2019-ல் வாள்வீரர் மியாமோட்டோ முஸாஷி. சரித்திர வாத்தியார் யாராவது பார்த்தால் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

விஷயம் என்னவென்றால், உடை மாறினால் அது வேறு பாத்திரம். வேறு சக்தி, வேறு அட்டை. பழைய ஆர்தர் உங்களிடம் இருந்தாலும் நீச்சலுடை ஆர்தரைத் தனியாகத்தான் பிடிக்க வேண்டும். அதுவும் கோடையில் சில நாட்கள் மட்டும். அந்த 'சில நாட்கள்' என்ற வார்த்தையில்தான் வியாபாரமே இருக்கிறது.

கடையில் போய் வாங்கவும் முடியாது. 'காச்சா' இழுக்க வேண்டும். காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஏதாவது ஒரு பொம்மை டப்பா விழுமே, அந்த மெஷினின் பெயர். எது விழும் என்பது அதிர்ஷ்டம்.

பேப்பர், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். நூறு தடவை இழுத்தால் நிச்சயம் கிடைக்கும் என்றுதானே மனசு சொல்கிறது? கணக்கு சொல்கிறது: நூறு தடவை இழுத்தவர்களில் 63 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்கும். மீதி 37 சதவீதம் வெறுங்கையோடு. முந்நூறு தடவை இழுத்தாலும் 5 சதவீதம் பேருக்குப் பட்டை நாமம்தான். மெஷினுக்கு ஞாபகசக்தி கிடையாது. நீங்கள் 99 தடவை தோற்றது அதற்குத் தெரியாது. நூறாவது தடவையும் வாய்ப்பு அதே ஒன்றுதான்.

2016 ஆரம்பத்தில் 'கிரான்ப்ளூ ஃபாண்டஸி' ஆட்டத்தில் ஒருவர் இப்படியே ஒரு பாத்திரத்துக்காக இழுத்துக்கொண்டே போய் ஏறக்குறைய 7 லட்சம் யென் கரைத்தார். அது நீச்சலுடை கூட இல்லை, குரங்கு வருஷத்து ஸ்பெஷல். ஊர் கொந்தளித்ததில், கம்பெனி உச்சவரம்பு வைத்தது. முந்நூறு தடவை இழுத்துவிட்டால் விரும்பியதை எடுத்துக்கொள்ளலாம். ஒரு இழுப்பு 300 யென், ஆக 90 ஆயிரம் யென். நம் பணத்தில் ஏறக்குறைய 50 ஆயிரம் ரூபாய். ஒரு படத்துக்கு! அரசாங்கமும் சும்மா இல்லை. ஒரு செட் முழுவதையும் சேர்த்தால்தான் பரிசு என்ற 'கொம்ப்பு காச்சா'வை 2012-லேயே சட்டவிரோதம் என்று அறிவித்துவிட்டது. மற்ற காச்சாக்கள் ஜோராக ஓடுகின்றன.

முதல் வாரத்தில் சம்பளம் வாங்கி, மூன்றாவது வாரத்தில் டீக்குக் கடன் சொல்லும் தம்பிமார்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பான் பள்ளிக் குளத்தில் இன்னொரு பாடமும் உண்டு. அதற்கு நீச்சலுடையே வேண்டாம். சட்டை, பேன்ட், ஷூவோடு தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். தவறி விழுகிறவன் உடை மாற்றிக்கொண்டா விழுகிறான்? கையில் காலி பிளாஸ்டிக் பாட்டில். அதை நெஞ்சோடு அணைத்து மல்லாந்து கிடக்க வேண்டும். கத்தக்கூடாது, கை காலை உதைக்கக்கூடாது. அந்தப் பாடத்தின் பெயர் 'உயித்தே மத்தே'. மிதந்தபடி காத்திரு.

'இன்னும் மூன்றே நாள்' என்று செல்போன் மிரட்டும்போது இதையே செய்யலாம். கை காலை உதைக்காமல் கிடங்கள். போன வருஷத்து நீச்சலுடையை அடுத்த கோடையில் மறுபடி இறக்கிவிடுவது அந்த ஆட்டத்தில் வழக்கம்தான். ஆர்தர் ராஜா திரும்பி வருவார். 50 ஆயிரம் வராது.