மரத்தின் முகம்

வடநாட்டு நகரங்களில் குடியேறிய நம்மவர் பலர், கட்டிலோ மேஜையோ வாங்கப் புறப்படும்போது தேக்கையே மனத்தில் வைத்துக்கொண்டு செல்கின்றனர். கடைக்காரர் காட்டுவதோ சீசம். தேக்கைக் கண்டு பழகிய கண்ணுக்குச் சீசத்தின் கருங்கோடுகளும் கணுக்களும் குறைகளாகவே தோன்றுகின்றன. அதனை ஒதுக்கிவிட்டு, ஒரே நிறமாகப் பாலிஷ் ஏற்றிய வேறொன்றை மிகுந்த விலைக்கு வாங்கி வருவோரும் உளர். ஏமாற்றம் பெரும்பாலும் அவர்களுக்கே நேர்கிறது. ஆதலின், மரத்தின் முகத்தைப் பார்த்து அதன் இயல்பை அறியும் முறையை இம்மாதம் காண்போம்.

சீசம் இமயமலை அடிவாரத்து ஆற்றங்கரைகளில் தானே வளர்வது. நம் நாட்டு ஈட்டி மரத்துக்கு நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. தேக்கைவிடக் கனமானது, உலர்ந்த கட்டை கன மீட்டருக்கு ஏறத்தாழ 800 கிலோ நிற்கும். சஹாரன்பூர்ச் செதுக்கு வேலைக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் மரம் இது.

உள்ளே காழ் உடையதை மரம் என்றும், புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரித்துரைக்கிறது. காழ் என்பதே நாம் வைரம் என்று வழங்கும் உள்மரம். சீசத்தின் வைரம் பொன் கலந்த பழுப்பு நிறமானது; அதனூடே கருமையான கோடுகள் ஓடும். அக்கோடுகள் கறையல்ல, மரம் தன் வாழ்நாளில் உள்ளே படியவிட்ட பொருள்களின் நிறம். அவற்றால் கட்டையின் வலிமை குறைவதில்லை.

வைரத்தைச் சூழ்ந்த வெளிறோ வெண்மையானது. மரம் நீரைக் கொண்டுசெல்வதும் மாவுப்பொருளைச் சேமிப்பதும் இப்பகுதியில்தான். அம்மாவை நாடியே வண்டு துளைக்கிறது, கட்டை உளுத்துப்போகிறது. சிறு துளைகளும் அவற்றின் கீழே மெல்லிய தூளும் கண்டால் அப்பொருளை வாங்கலாகாது. கரும்பாலிஷ் வெளிற்றை எளிதில் மறைத்துவிடும். எனவே மேற்பலகையைப் பார்த்தது போதாது. மேஜையைக் கவிழ்த்து அடிப்புறத்தையும், இழுப்பறையின் உட்புறத்தையும் பார்த்தல் வேண்டும். சிறிதளவு வெளிறு இருந்தே தீருமாயின், போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் பதப்படுத்தியதா என்று கேட்டு அறிக.

கணு என்பது கிளையின் அடிப்பகுதி. கிளை உயிருடன் இருக்கையில் தண்டு அதனைச் சூழ்ந்து பருத்தால், ரேகைகள் கணுவோடு பிணைந்து நிற்கும்; அது உறுதியானது, அழகும் உடையது. கிளை பட்டுப்போன பின்னர்த் தண்டு மூடியிருந்தால் கணுவைச் சுற்றிப் பெரும்பாலும் கரிய வளையம் காணப்படும். அது நாளடைவில் தளர்ந்து விழவும் கூடும். விரலால் அழுத்திப் பார்த்தால் பல வேளை வேறுபாடு புலப்படும். உறுதியான கணுவேயாயினும் கட்டிற் காலிலும் நாற்காலிக் காலிலும் பெரிதாக இருத்தல் ஆகாது. அங்கே பாரம் தாங்கும் ரேகை வளைந்துவிடுகிறது. மேற்பலகையில் இருந்தால் இழுக்கில்லை.

இன்னொன்று. மரம் ஈரத்தால் அகலத்தில் விரியும், வறட்சியால் சுருங்கும். நீளத்தில் அவ்வளவாக மாறாது. தில்லியின் மே மாத வெயிலில் செய்த அலமாரி மழைக்காலத்தில் கதவு இறுகுவது இதனாலேயே. மாற்றலாகிச் சென்னைக்கோ மும்பைக்கோ அதனைக் கொண்டுசெல்லும் குடும்பங்கள் இதனை எதிர்பார்த்தல் நலம். இறுகியவுடன் கதவை இழைத்துவிட்டால் வறண்ட பருவத்தில் இடைவெளி தோன்றும். ஓராண்டு பொறுத்துப் பார்த்துப் பின்னர்த் தச்சரை அழைக்கலாம்.

கையால் செய்த பொருளில் இரு பலகைகள் ஒன்றுபோல் அமைவது அரிது. எந்தப் பலகையை மேலே வைப்பது, எந்தக் கணுவை எங்கே ஒதுக்குவது என்று தச்சர் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். நாம் கொடுக்கும் கூலியில் அத்தேர்வுக்கும் பங்குண்டு. ஆகவே, செய்யச் சொல்லி வாங்கும் அன்பர்கள் பாலிஷ் ஏற்றும் முன்னர் ஒருமுறை பட்டறைக்குச் சென்று, மக்கு அடைக்காத வெறும் மரத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்து வருவார்களாக. நேர்மையான தச்சர் அதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.