காலத்தை முந்தியவளா, கயவரை எதிர்த்தவளா?

"மால்பிக் கோமகள் தன் காலத்தையே மிஞ்சிய புதுமைப் பெண்!" ஆங்கில நாடகம் பயின்றோர் பலர் இவ்விதம் போற்றுகின்றனர். கேட்கச் செவிக்கு இனிமைதான். ஆயினும், அந்தப் பாராட்டுக்குள்ளே ஒரு பிழை பதுங்கிக் கிடக்கிறது.

யார் இக்கோமகள்? ஜான் வெப்ஸ்டர் தீட்டி, 1614 முடிவதற்குள் இலண்டனில் அரங்கேறி, 1623இல் அச்சேறிய நாடகத்தின் தலைவி. இளமையிலேயே கணவனை இழந்தவள். உடன்பிறந்தார் இருவர்: ஒருவன் கோமகன் பெர்டினாண்டு, மற்றவன் கார்டினல், சமயத்தின் காவலன்! "மறுமணம் கூடாது" என்பது இருவரின் கட்டளை. அவளோ, தன் அரண்மனைக் காரியக்காரன் அன்டோனியோவைத் தானே தேர்ந்தாள். தானே காதலை உரைத்தாள். தானே மோதிரம் அணிவித்தாள். தோழி ஒருத்தியே சான்று. பாதிரியார் இல்லை.

"ஆகா, இது இக்காலப் பெண்ணின் துணிவன்றோ!" என்கிறீர்கள். அல்ல, நண்பர்களே! இருவர் மனமொத்து உரைக்கும் சொல்லே, பாதிரியார் இன்றியும், திருமணமாகச் செல்லும் என்பது அன்றைய ஆங்கில நாட்டுச் சமயச் சட்டம். 1753இல் இயற்றிய சட்டமே அதை மாற்றிற்று. கைம்பெண் மறுமணமும் அந்நாட்டில் அரிதன்று. அவள் வானத்து நிலவைக் கேட்கவில்லை. தன் காலம் தடுக்காத வாழ்வையே கேட்டாள்.

வெறும் கற்பனையுமன்று அவள் கதை. நாடகத்துக்கு ஒரு நூற்றாண்டு முன்பே, இத்தாலியில் அமால்பிக் கோமகள் ஜியோவன்னா, காரியக்காரன் அன்டோனியோவை மறைவில் மணந்தாள். அவன் 1513இல் மிலான் நகரில் கொல்லப்பட்டான். அவளோ, பிடிபட்டபின் உலகின் கண்ணிலிருந்தே மறைந்தாள்.

நாடகத்தில் அவளைக் கொன்றது எது? காலமா? கொலைக்குப் பின் பெர்டினாண்டே உண்மையைக் கக்குகிறான்: அவள் கைம்பெண்ணாகவே மாண்டிருந்தால் பெருஞ்செல்வம் தன்னைச் சேருமென நம்பியிருந்தானாம்! தங்கைக்குக் கற்பைப் போதித்த கார்டினலோ, பிறன் மனைவியைக் காமக்கிழத்தியாக வைத்திருந்தவன். குலப்பெருமை என்பது போர்வை. பொருளாசை உள்ளே இருந்த உடல்!

"அது அந்தக் காலம்" என்று இன்னுமா சொல்கிறீர்கள்? அதே இத்தாலியின் 1930ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தைப் புரட்டுங்கள். முறையற்ற உறவைக் கண்ட ஆத்திரத்தில், மானத்தின் பெயரால் மனைவியையோ மகளையோ உடன்பிறந்தாளையோ கொன்றவனுக்கு 3 முதல் 7 ஆண்டுச் சிறையே போதும் என்றது 587ஆம் பிரிவு. அது நீக்கப்பட்டது 1981இல்! வானொலி வந்தது, வானவூர்தி வந்தது, மனிதன் நிலவில் கால் பதித்தான். பெர்டினாண்டுக்குச் சலுகை மட்டும் சட்டத்திலே நின்றது.

இதை அறிந்தபின்னும் அவளை "நம் காலத்தவள்" என்பது யாருக்குப் புகழ்? நமக்கு நாமே சூட்டிக்கொள்ளும் மாலையன்றோ அது? அவளைக் காலத்துக்கு அப்பாற்பட்டவளாக்கினால், கொலைகாரர் காலத்தின் பிள்ளைகளாகித் தப்பிவிடுகின்றனர்!

சாகும் வேளையில் அவள் தோழியிடம் வேண்டியது என்ன? தன் சிறுமகனின் சளிக்கு மருந்து கொடுக்க மறவாதே என்பதுதான். இந்த எளிய தாய்மைக்கும் காதலுக்கும் எந்த நூற்றாண்டின் அனுமதிச்சீட்டு வேண்டும்?

அவள் கழுத்தை இறுக்கிய கயிற்றைக் காலம் திரிக்கவில்லை. ஏவியவர்க்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்வோம்!